வெங்காயம் சொன்னதற்கு மேல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நாற்றங்கால் சேற்றில் நண்டு ஓடின தடம் மாதிரி இருக்கும். எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்பது ஐந்தாம் வகுப்பு வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. ஆறாம் வகுப்புக்கு நான் போகவில்லை. “நீங்க எழுதுங்கண்ணா, நாங்க திருத்திக்கிறோம்” என்று புத்தகம் போடுகிற பெண்கள் சொன்னார்கள். அவர்கள் தஞ்சாவூர்க் கல்லூரியில் டீச்சரிடம் தாவரவியல் படித்தவர்கள். டீச்சர் ஓய்வு பெறப்போகிறார் என்று, தெரிந்தவர்கள் எல்லோரிடமும் ஆளுக்குக் கொஞ்சம் எழுதி வாங்குகிறார்கள். மற்றவர்கள் அன்பின் சிகரம், அறிவின் ஊற்று என்று எழுதியிருப்பார்கள். எனக்கு அப்படி வராது. வந்தாலும், “எந்த ஊத்துய்யா? போர் போட்டுப் பாத்தியா?” என்று கேட்பார்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. வெங்காய டீச்சர் என்றால்தான் பூதலூர் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களுக்கு ஆட்டோக்காரர் வழி சொல்வார்.

என் தொழில் வயலுக்கு மருந்தடிப்பது. முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு வரப்பில் இறங்கினால் பொழுது சாயும் வரை யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள். எனக்கு மனிதர்களிடம் பேச வராது என்பதால் இந்த வேலை வசதியாக இருந்தது. டீச்சர் வந்துதான் அதைக் கெடுத்தார்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். சம்பாப் பயிரில் இலைச்சுருட்டுப் புழு விழுந்திருந்தது. ஸ்டேஷனுக்குப் போகிற பாதையை ஒட்டிய வயலில் அடித்துக்கொண்டிருந்தேன். மொபெட்டில் வந்த ஒரு அம்மா வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் இறங்கி வந்தார். நல்ல உயரம், நல்ல கனம். காலேஜுக்குக் கட்டுகிற மாதிரியான சேலை. கண் இரண்டும் சிவந்து நீர் கோத்திருந்தது.

“தம்பி, அந்த மருந்துல எனக்குக் கொஞ்சம் வேணும்” என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் கலங்கிய கண்ணோடு தனியாக வந்து பூச்சிமருந்து கேட்டால் அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. டேங்கோடு ஓட ஆரம்பித்தேன். அவர் விடவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே வந்தார். ஒரு செருப்பு சேற்றில் போயிற்று. அடுத்த வயலுக்குப் போன பிறகு, தூரத்திலிருந்து சொன்னேன்: “வேண்டாங்கம்மா. எதுவா இருந்தாலும் உக்காந்து பேசித் தீத்துக்கலாங்க. புள்ளைங்கள நெனைச்சுப் பாருங்க.”

அந்த வருஷம் முழுவதும் நான் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அப்படியே வரப்பில் உட்கார்ந்து சிரித்தார். நாரைகள் எழும்பிப் போகிற அளவுக்குச் சிரிப்பு.

“யோவ், எனக்கில்லய்யா. வெங்காயத்துக்கு.”

“வெங்காயம் என்ன பாவம் பண்ணுச்சுங்க?”

“ஒண்ணும் பண்ணலை. நீ அடிக்கிற மருந்து அதை என்ன பண்ணுதுன்னு பாக்கணும். காலைலேருந்து தோல் உரிச்சுக்கிட்டு இருக்கேன், கண்ணெல்லாம் எரியுது. புள்ளைங்க வேற கிடையாது எனக்கு. ஒரு பாட்டில் குடு.”

கொடுத்தேன். அதற்குள் பாதையில் போன யாரோ பார்த்து ஊருக்குள் சேதி போய்விட்டது. சாயங்காலம் சர்ச்சிலிருந்து இரண்டு பெண்கள் பைபிளோடு அவர் வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்ல உட்கார்ந்திருக்கிறார்கள். டீச்சர் காபி கொடுத்து, கண்ணாடி டம்ளர்களில் வரிசையாக உட்கார வைத்திருந்த வெங்காயங்களைக் காட்டி, “இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. இதுங்களுக்காகவாவது ஜெபம் பண்ணிட்டுப் போங்க” என்றாராம். ஒருத்தி பண்ணிவிட்டாள் என்று கேள்வி.

மறுநாள் அவர் வேறொன்று கேட்டார். டேங்கில் என்னென்ன கலந்திருக்கிறது என்று. புழுவுக்கு ஒன்று, குலைநோய்க்கு ஒன்று, பயிர் கறுக்க டானிக், இலையில் ஒட்ட சோப்புத்தண்ணீர் என்று சொன்னேன்.

“எல்லாம் ஒரே டேங்க்லயா?”

“ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா நடந்தா யாருங்க கூலி குடுப்பாங்க?”

“என்ன அளவு?”

“மூடிங்க. இதுல ரெண்டு மூடி, அதுல ஒரு மூடி. புழு ஜாஸ்தியா இருந்தா இன்னொரு மூடி.”

“எந்த மூடி?”

“அந்தந்த பாட்டில் மூடிதாங்க.”

பாட்டில்களை வாங்கி மூடிகளைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று கண்ணுக்கு மை எடுக்கிற மாதிரி, ஒன்று பால் குடிக்கிற சங்கு மாதிரி. “நாங்க காலேஜ்ல புத்தகத்துல போட்டிருக்குற அளவை வெங்காயத்துக்குக் குடுத்து, நல்லாருக்கு நல்லாருக்குன்னு எழுதிக்கிட்டு இருக்கோம். நெல்லு என்ன புத்தகத்தையா குடிக்குது? உன் மூடியைத்தான் குடிக்குது” என்றார். அன்றிலிருந்து என் பெயரும் போயிற்று. “மருந்து” என்றுதான் கூப்பிடுவார். மரியாதையாக இருக்கிற நாளில் “மருந்து சார்.”

அப்போது டீச்சர் தன் தம்பி வீட்டில் குடியிருந்தார். தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. வீட்டில் தம்பி மனைவியும் டீச்சரும் மட்டும். பின்பக்கத்து அறையில் ஜன்னல் ஓரமாக டம்ளர்கள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெங்காயம். அடிப்பக்கம் மட்டும் தண்ணீரில் படும், கால் கழுவ உட்கார்ந்த ஆள் மாதிரி. இரண்டு மூன்று நாளில் வெள்ளைத் தாடி மாதிரி வேர் இறங்கும். பிறகு நல்ல தண்ணீரை எடுத்துவிட்டு மருந்துத் தண்ணீர். விடியற்காலையில் வேர் நுனியை வெட்டி, ஸ்பிரிட்டில் போட்டு வைத்து, சிவப்புச் சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டுக்குள் வைத்துக் கட்டைவிரலால் நசுக்குவார். மூட்டைப்பூச்சி நசுக்குகிற அதே அழுத்தம். அந்த வீட்டில் எந்நேரமும் சாம்பாருக்கு வெங்காயம் உரித்த வாசனை அடிக்கும். சாம்பார் மட்டும் வராது.

ஒரு நாள் மைக்ராஸ்கோப்பில் என்னைப் பார்க்கச் சொன்னார். முதலில் என் இமை முடிதான் தெரிந்தது. பிறகு கட்டம் கட்டமாக வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் சிவப்பாக நூல் துண்டுகள்.

“இது சர்ச் கிணத்துத் தண்ணி. ஒரு குடும்பம் ரெண்டாப் பிரியுது பாரு. அண்ணன் மேல, தம்பி கீழ. சொத்து எல்லாம் நூல் பிடிச்ச மாதிரி சரிபாதியாப் போயிருக்கு. நல்ல குடும்பம்.” கண்ணாடியை மாற்றினார். “இது உன் டேங்க். என்ன தெரியுது?”

“அண்ணன் தம்பி பிரிஞ்சுட்டாங்க. ஆனா நடுவுல ஒரு கயிறு விடமாட்டேங்குதுங்க. ரெண்டு பேரும் இழுக்குறாங்க.”

“ஓரத்துல பாரு.”

“ஒரு துண்டு தனியா நிக்குது. யாருக்கும் சேராம. பட்டா இல்லாத நிலமாட்டம்.”

“அதேதான். அந்தத் துண்டுலதான் கிணறு இருந்துச்சுன்னு வச்சுக்க. அப்புறம் ரெண்டு குடும்பமும் என்ன வெள்ளாமை பண்ணும்?”

எங்கள் ஊரில் பாகம் பிரித்துச் சீரழிந்த குடும்பம் எனக்கு நிறையத் தெரியும். அதனால் சட்டென்று பயம் வந்தது. இந்தத் தண்ணீரில்தான் வருஷக்கணக்காக நனைந்துகொண்டிருக்கிறேன். “அப்ப எனக்கு உள்ளயும் இப்படித்தான் இழுத்துக்கிட்டு இருக்குமாங்க டீச்சர்?” என்று கேட்டேன்.

“தெரியாது” என்றார். “நீ வெங்காயம் இல்ல.”

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆகும் என்றாவது சொல்லலாம், ஆகாது என்றாவது சொல்லலாம். இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் என் சைக்கிள் ஹேண்டில்பாரில் முழங்கை வரை வருகிற ரப்பர் கையுறை ஒரு ஜோடி தொங்கியது.

“தெரியாதுன்னீங்களே, அப்புறம் இது எதுக்குங்க?”

“தெரியாததுனாலதான்யா” என்றார்.

டீச்சர் அவ்வளவுதான். இதற்கு மேல் நான் எழுதுவதெல்லாம் இந்த ஒரு குணத்தைத்தான் சுற்றிச் சுற்றி வரும். வெங்காயம் என்ன சொன்னதோ அதைச் சொல்வார். அதற்கு மேல் ஒரு வார்த்தை, யாருக்காகவும், எந்தப் பக்கமும் சொல்லமாட்டார்.

மருந்துக்கடை முதலாளி ஒருநாள் சண்டைக்கு வந்தார். “என் சரக்கை விஷம்னு சொல்லித் திரியுறீங்களாமே?”

“நான் எங்க சொன்னேன்? நீங்க விக்கிற மூணுல ரெண்டு, மருந்து சார் மூடி அளவுக்கு வெங்காயத்தைக் கலைக்குது. மூணாவது ஒண்ணும் பண்ணலை. அதையும் சொல்லித்தான் திரியுறேன்.”

முதலாளி உட்கார்ந்துவிட்டார். மூணாவது எது என்று கேட்டார். மறுவாரம் கடை வாசலில் போர்டு: வெங்காய டீச்சர் சோதித்து அங்கீகரித்தது. டீச்சர் மொபெட்டை நிறுத்தி, கடைக்காரப் பையனிடமே சாக்பீஸ் வாங்கிக் கீழே எழுதினார்: வெங்காயத்துக்கு மட்டும். போர்டு மறுநாள் இல்லை.

சபையில் எல்லோரும் ஐயர் என்று கூப்பிடுகிற பாதிரியார் கதையும் இதே மாதிரிதான். சோதனைக்கு எப்போதும் சர்ச் கிணற்றிலிருந்து தண்ணீர் போவதில் அவருக்குப் பெருமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், நம் ஆலயத்துக் கிணறு குற்றமற்றது என்று கல்லூரி விஞ்ஞானமே சாட்சி சொல்லியிருக்கிறது என்றார். பெண்கள் பக்கத்து வரிசையிலிருந்து டீச்சர் எழுந்து, “இந்த மாசம் வரைக்கும், ஐயரே” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். லுத்தரன் சபையில் பிரசங்கத்துக்கு நடுவில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான் என்று சர்ச்சில் மணியடிக்கிற கோயில்பிள்ளை சொன்னார்.

காலேஜில் ஒரு புரொபசர் தலைக்குப் பூசுகிற சாயத்தையும் வெங்காயத்துக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். அவரைக் கேட்காமல், அவர் மேஜை டிராயரிலிருந்து எடுத்து. முடிவைச் சொன்னபோது புரொபசர், “நான் சாயமே பூசுறதில்லை மேடம்” என்றாராம். “அப்ப உங்களுக்குக் கவலை இல்லை” என்று இவர் வந்துவிட்டார்.

இப்படி எல்லோரிடமும் நடந்துகொண்டது சரி. சொந்தத் தம்பியிடம் வந்தபோதுதான் கஷ்டமாயிற்று.

தம்பி சிங்கப்பூரிலிருந்து மொத்தமாகத் திரும்பி வந்தார். நான் அவரைச் சிங்கப்பூர்க்காரர் என்றே எழுதுகிறேன். தங்கமான மனிதர். பேசினால் கூட்டம் நின்று கேட்கும். கப்பலுக்கு வர்ணம் அடித்து அடித்து, ரசாயன வாடையே ஆகாது என்று வெறுத்துப்போய் வந்திருந்தார். ஊர் மண்ணுக்கு விஷமில்லாத மருந்து செய்வது என்று முடிவு பண்ணி, ரோட்டோரம் ஷெட் போட்டு, நீல டிரம் வரிசையாக வாங்கி வைத்தார். அங்கே சம்பாதித்தது பூராவும் அந்த ஷெட்டுக்குள் போயிற்று. அவர் மனைவியின் வளையலும் போயிற்று.

மருந்து என்னவென்றால், ஆடு தின்னாத இலையெல்லாம் பறித்து மாட்டுக் கோமியத்தில் ஊறப்போடுவது. எருக்கு, நொச்சி, ஆடாதொடை, ஊமத்தை, அரளி, கூடப் புகையிலைக் காம்பு. மூடியைத் திறந்தால் மூக்கு மட்டுமல்ல, காதும் அடைக்கும். அடிக்கிற வேலைக்கு என்னைத்தான் கூப்பிட்டார். அடித்தேன். பொய் சொல்லக்கூடாது, புழு கொட்டியது.

கையுறையைப் பார்த்துவிட்டு அவருக்குக் கோபம் வந்தது. “யோவ், இதுக்கு எதுக்குய்யா கிளவுஸ்? பாக்குறவன் என்ன நெனைப்பான்? இது குடிக்கிற மருந்துய்யா” என்றார். குடிக்கிற மருந்து என்ற வார்த்தை அவருக்கே பிடித்துப்போயிற்று. ஈஸ்டர் கழிந்து அறிமுக விழா என்று நோட்டீஸ் அடித்தார். சுற்றுவட்டார விவசாயிகள் எல்லாம் வருவார்கள், மதியம் பிரியாணி, மேடையில் ஒரு டம்ளர் மருந்தை எல்லார் முன்னாலும் குடித்துக் காட்டுவார். அன்றைக்கு ஆர்டர் விழுந்தால் ஷெட் நிற்கும். விழாவிட்டால் மறுபடி சிங்கப்பூர். அந்த வயசில் அங்கேயும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

டீச்சர் கேட்காமலே ஒரு பாட்டில் எடுத்து வெங்காயத்துக்குக் கொடுத்தார். வேர் நீளவே இல்லை. நுனி வீங்கி, முருங்கைப் பூ மொட்டு மாதிரி நின்றது. வயலுக்கு அடிக்கிற அளவுக்குத் தண்ணீர் கலந்தும் பார்த்தார். வேர் கொஞ்சம் நீண்டது. நசுக்கிப் பார்த்தால் உள்ளே கயிறும் துண்டும்.

காலைச் சாப்பாட்டு நேரம். கைகழுவுகிற இடத்தில் நான் டேங்க் அலசிக்கொண்டிருந்தேன். டீச்சர் தட்டோடு வந்து தம்பி எதிரில் உட்கார்ந்தார்.

“டேய், இலை எப்படிப் பாத்துப் பறிக்கிற?”

“ஆடு வாய் வைக்காத இலையாப் பாத்துத்தான்.”

“ஆடே தின்னாததை நீ ஏன்டா குடிக்கிற?”

சிங்கப்பூர்க்காரர் இட்லியைக் கீழே வைத்தார். “அக்கா, இது இயற்கை.”

“அரளி என்ன பேக்டரியிலயா பூக்குது? இந்தப் பக்கத்துல எத்தனை பேர் அரளி விதையால போயிருக்காங்க?”

“அது அரைச்சுக் குடிச்சவங்க. இது ஊறப்போட்டது. உன் வெங்காயம் சின்ன ஜீவன், தாங்காது. அப்ப நான் செத்துருவேனா? சொல்லு.”

“அது எனக்குத் தெரியாது.”

“தெரியாதுல்ல? அப்ப விடு.”

அவர் எழுந்து போய்விட்டார். தம்பி மனைவி அடுக்களையிலிருந்து வந்து டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணி, அவரு யார் சொன்னாலும் கேக்கமாட்டாரு. நீங்க சொன்னாத்தான் பயப்படுவாரு. குடிச்சா செத்துருவேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க.”

“எனக்குத் தெரியாத ஒண்ணை எப்படிம்மா சொல்றது?”

“பொய்யாவது சொல்லுங்களேன் அண்ணி. உங்க தம்பிதானே?”

டீச்சர் தட்டைத் தள்ளி வைத்தார். “இன்னிக்கு அவனுக்காக ஒண்ணு கூட்டிச் சொன்னேன்னா, நாளைக்கு வெங்காயம் நெசமாவே ஏதாவது சொல்றப்ப அவன் நம்பமாட்டாம்மா” என்றார். அந்த அம்மா கையை விட்டுவிட்டு உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினார்.

விழா அன்று ஷாமியானா நிறையக் கூட்டம். பிரியாணி வாசனையும் கோமிய வாசனையும் கலந்து ஒரு வாசனை. மேடையில் சிங்கப்பூர்க்காரர் வெள்ளை வேட்டியில் பேசினார். நன்றாகவே பேசினார். பிறகு டிரம்மிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு கையில் எடுத்தார். கறுப்பாக, நுரையோடு இருந்தது. முன்வரிசையில் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

ஒரு பெரியவர், “வேணாம் தம்பி, நம்புறோம்” என்றார். அதைக் கேட்டதும் டம்ளர் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. “விடுங்க மாமா, குடிக்கட்டும்” என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். பாதிரியார் எழுந்து, “விஷப்பரீட்சை வேண்டாம்” என்றார். டம்ளர் மோவாய் வரைக்கும் போயிற்று. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவருக்கு வீம்பு ஏறியது. அவர் மனைவி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு டீச்சரையே பார்த்தார்.

டீச்சர் ஒரு தாம்பாளத்தில் இரண்டு டம்ளரை வைத்துக்கொண்டு மேடை ஏறினார். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர் வெங்காயம், நீளத் தாடியோடு. இன்னொன்றில் மழித்த மாதிரி ஒன்று. மேஜையில் வைத்தார். மைக் வேண்டாம் என்று தள்ளினார். அவருக்குத் தேவையும் இல்லை.

“இது கிணத்துத் தண்ணி. இது என் தம்பி மருந்து, தண்ணி கலக்காம, அவன் கையில இருக்குற மாதிரியே. வெங்காயத்துக்கு இதுதான் ஆச்சு. வயலுக்கு அடிக்கிற அளவுக்குக் கலந்தா வேர் கொஞ்சம் நீளுது, ஆனா உள்ள கோளாறு.”

“அக்கா, இறங்கிப் போ” என்றார் சிங்கப்பூர்க்காரர். “நான் செத்துருவேன்னுதானே சொல்லப்போற? சொல்லு. சொல்லிட்டுப் போ. நான் குடிச்சுக் காட்டுறேன்.”

“நான் அப்படிச் சொல்லவே இல்லடா. குடிச்சா உனக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. ஒண்ணும் ஆகாமயும் போகலாம். சத்தியமாத் தெரியாது.”

சிங்கப்பூர்க்காரர் டம்ளரைப் பார்த்தார். வேண்டாம் என்று சொன்னவர்களை எதிர்த்துக் குடிக்க அவர் தயாராக வந்திருந்தார். தெரியாது என்று சொல்பவரிடம் எப்படி வீம்பு பண்ணுவது? டம்ளர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மேஜையில் அந்த மொட்டை வெங்காயத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

முன்வரிசைப் பெரியவர் தொண்டையைக் கனைத்தார். “அப்ப வயலுக்கு அடிக்கலாமா, கூடாதா டீச்சர்?”

“புழு சாகுது. மருந்து சார் பாத்திருக்காரு. யோவ், எழுந்து சொல்லுய்யா.”

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “சாகுதுங்க” என்று எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

“அடிக்கிறவங்க கையில உறை போட்டுக்கணும், மூஞ்சியை மூடிக்கணும். குடிக்கலாம்னு சொல்லி விக்கக்கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்” என்றார் டீச்சர்.

“குடிக்கக்கூடாத மருந்துதான் கடையிலயே கிடைக்குதே டீச்சர்” என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பிரியாணிப் பந்திக்குப் போனார்கள். ஒரு ஆர்டரும் விழவில்லை. டிரம் எல்லாம் அப்படியே நின்றது.

அந்த வாரமே டீச்சர் மைக்ராஸ்கோப்பையும் டம்ளர்களையும் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் வாடகை வீட்டுக்குப் போனார். போ என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இரு என்றும் சொல்லவில்லை. அட்டைப்பெட்டியை என் சைக்கிளில்தான் கட்டினேன். மொபெட்டை உருட்டிக்கொண்டு அவர் கூடவே நடந்து வந்தார். வீடு வந்ததும் டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு, “ஒரு பொய் சொல்லியிருக்கலாமோ, மருந்து?” என்று கேட்டார். “தெரியலீங்க” என்றேன். “பரவாயில்ல, கத்துக்கிட்ட” என்றார். சிரிக்க முயன்றார், வரவில்லை.

சிங்கப்பூர்க்காரர் ஷெட்டை மூடவில்லை. கொஞ்சநாள் கதவை மட்டும் சாத்தி வைத்திருந்தார். பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு பாட்டிலை நீட்டினார். “அரளியை எடுத்துட்டேன். அங்க குடு.”

“அக்காகிட்டயாங்க?”

“அக்கான்னு யார் சொன்னா? வெங்காயத்துக்கிட்ட குடு.”

அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் அக்காவிடம் பேசுவதில்லை. அக்காவும் வலியப் போவதில்லை. நடுவில் நான், இரண்டு பக்கமும் இழுபடுகிற கயிறு மாதிரி. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஒரு பாட்டில் போகும், ஒரு பதில் வரும். அரளியை எடுத்ததும் வெங்காயத்துக்குச் சந்தோஷம். ஆனால் புழுவுக்கும் சந்தோஷம். புகையிலைக் காம்பைக் கூட்டினார். புழுவுக்கு வருத்தம், வெங்காயத்துக்கும் வருத்தம். ஊமத்தையை எடுத்தார், வேம்பைச் சேர்த்தார். வருஷங்கள் ஓடின. “இன்னும் கயிறு இருக்கு” என்று டீச்சர் சொல்லுவார். “வெங்காயம் இன்னும் கயிறு இருக்குங்குதுங்க” என்று நான் போய்ச் சொல்லுவேன். அவர் வெங்காயத்தைத் திட்டுவார். நான் அதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கமாட்டேன். டீச்சரே, “என்ன திட்டினான்?” என்று கேட்டு வாங்கிக்கொள்வார்.

இப்போது பாட்டிலோடு கையுறையும் வைத்துச் சின்ன அளவில் விற்கிறார். ‘இயற்கை மருந்து, குடிக்கக் கூடாது’ என்று லேபிள். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிலர் வாங்குகிறார்கள்.

போன மாதம் கொடுத்த பாட்டிலை டீச்சர் ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்தார். “நல்லாப் பிரிஞ்சிருக்கு. கயிறும் இல்ல, துண்டும் இல்ல. இந்த அளவுக்கு வெங்காயத்துக்கு ஒண்ணும் ஆகலைன்னு சொல்லு” என்றார். சைக்கிளை எடுத்தேன். வாசலுக்கு வந்து நிறுத்தினார்.

“அன்னிக்கு ஸ்டேஷன்ல அவனைப் பாத்தேன். அவன் பாக்கலை. ரொம்ப இளைச்சுப் போயிட்டான். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு.”

“யார் சொன்னாங்கன்னு சொல்லட்டுங்க?”

உள்ளே ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். “வெங்காயம் சொல்லுச்சுன்னு சொல்லு.”

நான் போய் அப்படியே சொன்னேன். சிங்கப்பூர்க்காரர் டிரம்மைக் கலக்கிக்கொண்டிருந்தார். கயிறு இல்லை என்றதும் தலையை ஆட்டினார். இளைத்துப்போனதைச் சொன்னதும் கலக்குவதை நிறுத்தினார்.

“இதையும் வெங்காயமா சொல்லுச்சு?”

“ஆமாங்க.”

“மனுஷனைப் பத்தி வெங்காயத்துக்குத் தெரியாதுன்னுல்ல அக்கா சொல்லும்” என்றார். கோலை டிரம்மில் சாய்த்து வைத்துவிட்டு, வேட்டி நுனியில் கையைத் துடைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்: “இந்தா, அந்த மீன் குழம்பைத் தூக்குவாளியில ஊத்திக் குடு. மருந்து ஸ்டேஷன் பக்கம்தான் போறாரு.”

எழுதி முடித்தது மாசி மாதம் ஒன்பதாம் தேதி. உளுந்துக்கு மருந்தடிக்கிற வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை.